அந்தக் கதவைக் கொஞ்ச நாள் சாத்தியே வையுங்கள்

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்க, இன்னொன்றையும் கூட்டிவந்துவிட்ட, அல்லது கூட்டிவர நினைத்துக்கொண்டிருக்கிற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு,



மழைக்காலம் வந்தால் நம் ஊரில் பூனைக்குட்டிகள் படியேறி வீட்டுக்கு வந்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பி, கடைப் படிக்கட்டின் அடியும் நிறுத்திவைத்த வண்டியின் அடியும் தண்ணீரில் போய்விட, எங்கோ ஒரு தாய் ஒளித்துவைத்த குட்டி நம் திண்ணையில் வந்து கத்துகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்தில் கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அப்படியொரு ராத்திரியில் படியில் ஒண்டிக்கொண்டு நடுங்குகிற குட்டியைப் பார்த்த பிறகு கதவைச் சாத்த யாருக்கு மனம் வரும்? நீங்கள் அதை உள்ளே எடுத்துக்கொண்டீர்கள். அந்த மனசுக்காகத்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குக் கவலை, அதற்கு அடுத்து நடப்பதைப் பற்றி. துண்டால் துடைத்த குட்டியைக் கொண்டுபோய், ஏற்கெனவே இருக்கிற பூனையின் முகத்துக்கு நேராகக் காட்டுகிறோம். "பாரு, உனக்குத் தம்பி வந்திருக்கான்" என்கிறோம். பழைய பூனை முதுகை வளைத்து, ரோமம் சிலிர்த்து, சீறுகிறது. ஓர் அறை கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. வீட்டில் ஒருவர் சொல்வார்: "ரெண்டு நாள் அடிச்சிக்கும், அப்புறம் தானா சேந்துக்கும்." இரண்டு நாள் இரண்டு வாரமாகிறது. சேரவில்லை. பழைய பூனை மெத்தையில் மூத்திரம் போகிறது. "மார்க்கெட் பக்கம் விட்டுட்டா மீன் தலை தின்னு பொழச்சிக்கும்" என்று யாரோ சொல்ல, காப்பாற்றிக் கொண்டுவந்த அதே குட்டி ஓர் அட்டைப் பெட்டியில் திரும்பிப் போகிறது. குட்டியின் மேல் பிழையில்லை, பழைய பூனையின் மேலும் இல்லை. முதல் நாள் அந்த அறிமுகத்தை அவ்வளவு அவசரமாகச் செய்யாமல் இருந்திருந்தால், பெரும்பாலும் இந்த நிலை வந்திருக்காது.

"தானா சேந்துக்கும்" என்கிற நம்பிக்கையை முதலில் விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன். காப்பகங்களிலிருந்து இரண்டாவது பூனையை எடுத்துச் சென்ற குடும்பங்களைப் பற்றி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதி வீடுகளில் தொடக்கத்திலேயே கடியும் பிறாண்டலும் இருந்தன. முதல் சந்திப்பு மோசமாகப் போன வீடுகளில் பின்னாலும் சண்டை தொடர்வது அதிகமாக இருந்தது. பூனை முதல் அனுபவத்தை நெடுநாள் மனத்தில் வைத்திருக்கும். கெட்டுப்போன முதல் சந்திப்பைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகலாம். கெடாமல் பார்த்துக்கொள்ளச் சில வாரங்கள் போதும்.

ஏன் இப்படி என்பதற்கு அதன் பூர்வீகத்தில் விடை இருக்கிறது. உலகத்து வீட்டுப் பூனைகள் எல்லாமே மேற்காசியாவில் வாழ்ந்த ஒரு காட்டுப்பூனை இனத்திலிருந்து வந்தவை என்று 2007-இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. அந்தக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடும். ஓர் எலி அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. பங்கு போட அதில் ஒன்றுமில்லை. கூட்டமாகப் போய்ப் பெரிய விலங்கை வீழ்த்துகிற நாயின் மூதாதைக்கு உறவுமுறைகளும் சமாதானச் சடங்குகளும் தேவைப்பட்டன. பூனையின் மூதாதைக்கு எல்லைதான் தேவைப்பட்டது. மனிதரோடு சேர்ந்து அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதும் உண்மை. தமிழ் எழுத்து பொறித்த பானை ஓடு கிடைத்த செங்கடல் துறைமுகம் பெரெனிகேயில், அரிக்கமேடு செழித்திருந்த அதே காலத்தில், நூற்றுக்கணக்கான செல்லப் பிராணிகளைக் கவனமாகப் புதைத்த இடம் ஒன்றை அகழ்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பூனைகள், சிலவற்றின் கழுத்தில் பட்டை. அப்படி இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் மடியில் உட்கார்ந்திருந்தும், முன்பின் தெரியாத இன்னொரு பூனையைக் கண்டால் அது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பழைய காடுதான் அதற்குச் சொல்லித் தருகிறது.

தாயும் மகளும், கூடப் பிறந்தவையும் ஒன்றாக வாழும். மீன் கரையேறும் இடத்தில் பெண்பூனைகள் ஒன்றின் குட்டியை இன்னொன்று நக்கிவிடுவதை வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் பார்க்கலாம். அவை பெரும்பாலும் ஒரே வழியில் வந்த சொந்தங்கள். உங்கள் வீட்டுக்கு வந்தது சொந்தமில்லை. சொந்தமாக்கத்தான் போகிறோம், அதற்கு நாள் ஆகும்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, புதிய பூனைக்குக் கதவு உள்ள ஓர் அறையைக் கொடுப்பது. அங்கே அதற்குச் சோறு, தண்ணீர், மண் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி இருக்க வேண்டும். முற்றம் வைத்த பழைய வீடானால் பின்கட்டில் ஓர் அறை கிடைக்கும். லாசுப்பேட்டையில் ஒரு படுக்கையறை ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குக் குளியலறைதான் வழி. அதுவும் போதும், தரையில் ஈரமில்லாமல் துடைத்து, ஒரு பழைய சாக்கை விரித்துவிட்டால். ஒற்றை அறை வீட்டில் பெரிய கூண்டு வாங்கி, மூன்று பக்கமும் போர்வை போட்டு மூடிவையுங்கள். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை காலியாக இருக்கிறது என்று மட்டும் அங்கே விடாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த அறை அதைக் கொன்றுவிடும்.

இந்த அறைவாசம் குறைந்தது இரண்டு வாரம் இருக்கட்டும். சண்டையைத் தவிர இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, நோய். பூனைகளைத் தாக்கும் பான்லுகோபீனியா என்கிற வைரஸ், தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாள் வாந்தியிலும் பேதியிலும் கொண்டுபோய்விடும். குட்டி வீட்டுக்கு வரும்போது பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு வாரம் கழித்துத்தான் சுருண்டு படுக்கும். இந்தக் கிருமி தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும், நம் செருப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு வரும். அதனால் புதியதைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பழையதைத் தொட வேண்டும். சளி, கண்ணில் பீளை, படர்தாமரை, தெள்ளுப்பூச்சி, காதுக்குள் பூச்சி, குடற்புழு எல்லாமே தெருவில் பிறந்த குட்டியிடம் சகஜம். குரும்பாபேட்டில் 1994-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; ஊரில் தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள். எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, மூன்று மாதத்துக்குப் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. பழைய பூனைக்குப் போட வேண்டியது பாக்கியிருந்தால், புதியது வருவதற்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கென்று விற்கிற சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு நரம்பு நஞ்சு. காய்ச்சல் அடிக்கிறது என்று பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டு கொடுப்பதும் அதைக் கொல்லும். பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி கிடையாது.

இனி வாசனை. இந்த மடலில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் மனிதர்களான நமக்கு இது கண்ணில் படாத உலகம். பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் வால் அடியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. நீங்கள் வேலை முடிந்து வந்ததும் உங்கள் காலில் கன்னத்தை உரசுகிறதே, மேசைக் காலில், கதவு நிலையில், ஃபிரிட்ஜ் மூலையில் தினமும் ஒரே உயரத்தில் உரசி உரசி ஒரு கறுப்புத் தடம் விழுந்திருக்கிறதே, அதெல்லாம் அது தன் வீட்டுக்கு இட்ட அடையாளம். வீட்டு மனிதர்களும் சாமான்களும் அதன் கணக்கில் ஒரே பொது வாசனைக்குள் அடக்கம். வாயின் மேலண்ணத்தில் வாசனையை ஆராயவே தனி உறுப்பு ஒன்று வைத்திருக்கிறது. வாயைப் பாதி திறந்து முகத்தைச் சுளித்தபடி அது நின்றால், எதையோ அந்த உறுப்பால் படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பொது வாசனைக்குள் சேராத உயிர் எதுவும் அதற்கு அந்நியம். ஒன்றாக வளர்ந்த இரண்டில் ஒன்று மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினால் மற்றது சீறுவதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். முகம் அதேதான், வாசனை மாறிவிட்டது.

அதனால் இரண்டும் ஒன்றையொன்று கண்ணால் பார்ப்பதற்கு வெகு முன்னாலேயே மூக்கால் பழகிவிட வேண்டும். குட்டிக்கு நோயில்லை என்று தெரிந்தபின், பழைய கைலியையோ பருத்திப் புடவையையோ கிழித்து இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றால் புதியதின் கன்னத்தை மெதுவாகத் தடவி, அதைப் பழைய பூனை சாப்பிடும் இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் போடுங்கள். இன்னொன்றால் பழையதைத் தடவிப் புதியதின் அறையில் போடுங்கள். மூக்குக்கு நேராகக் கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம். அது தானாக வந்து மோந்து பார்க்கட்டும். முதல் நாள் சீறலாம், துணியைச் சுற்றிக்கொண்டு போகலாம். பிறகு ஒருநாள் அந்தத் துணியின் மேலேயே படுத்துத் தூங்கும். அதுவரை துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருங்கள். அதன்பின் இடத்தையே மாற்றுங்கள்: பழையதை ஓர் அறையில் வைத்துவிட்டு, புதியதை வீட்டைச் சுற்றிப் பார்க்க விடுங்கள். அந்த நேரத்தில் பழையது புதியதின் அறையை ஆராயட்டும். இரண்டும் எதிர்ப்படாமல் ஒன்றின் தடத்தில் ஒன்று நடக்கும்.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கங்கள் சில குறுக்கே வரும். பூனை எங்காவது மூத்திரம் போய்விட்டால் உடனே பினாயில் போட்டுக் கழுவுகிறோம். பூனை அந்தத் தரையில் நடந்து, பாதத்தை நக்கி, அந்த நஞ்சை உள்ளே எடுத்துக்கொள்கிறது. பினாயிலில் உள்ள பீனால் வகைகளையும் அதன் கல்லீரலால் முறிக்க முடியாது. அதுபோக, அது பாடுபட்டு இட்ட அடையாளங்களையெல்லாம் ஒரே துடைப்பில் அழித்துவிட்டு, தாங்கமுடியாத ஒரு நெடியையும் பரப்பிவிடுகிறோம். வீடு தன்னுடையதா என்று ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிற பூனை மறுபடியும் அதே இடத்தில் மூத்திரம் போகத்தான் செய்யும். சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடைத்து வெயில் படவிடுங்கள், போதும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீடுகளில், இந்தச் சில வாரங்களுக்குப் பூனை இருக்கும் அறைக்குள் அதைக் கொண்டுபோக வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். சாமி அறையோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதிப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே தட்டில் இருவரைச் சாப்பிட வைத்தால் உறவு வளரும் என்பது நம் மனித அனுபவம். ஒரே தட்டில் மத்தி மீனை வைத்து இரண்டையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்க நமக்கு ஆசை. பூனைக்கு அது நெருக்கடி. தலை குனிந்து சாப்பிடும்போது பக்கத்தில் அந்நியன் நிற்பதை அது சகித்துக்கொண்டு வேகவேகமாக விழுங்குகிறது, அவ்வளவுதான். சாத்திய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டை வையுங்கள். முதலில் கதவிலிருந்து ஆறேழு அடி தள்ளி. ஒவ்வொரு நாளும் ஒரு சாண் கிட்டே. எந்த இடத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கதவை முறைக்கிறதோ அங்கிருந்து மறுபடி பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மற்றதின் வாசனை வரும்போதெல்லாம் நல்ல சாப்பாடும் வருகிறது என்று அதன் மனத்தில் பதிவதற்குத்தான் இவ்வளவும். ஒற்றுமையான பிறகும் தட்டுகள் தனித்தனி இடத்திலேயே இருக்கட்டும். மீன்பிடித் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன் விலை ஏறுவதால் பலரும் தயிர்ச் சோற்றுக்கு மாறுவார்கள்; தயிர்ச் சோறு மட்டும் தின்று பூனை பிழைக்காது, அதற்கு மாமிசம் வேண்டும், கோழி ஈரலோ எலும்பில்லாத கறியோ வேகவைத்துக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது ஆகாது.

கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டும் அமைதியாகச் சாப்பிடுகின்றனவா? இப்போது பார்க்க விடலாம். இதற்கு வெளிநாடுகளில் குழந்தைகளுக்கான தடுப்புக் கதவை விலைக்கு வாங்குகிறார்கள். நமக்குக் கடலோர ஊரின் கொசுவே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது: கொசுவலைக் கதவு. உங்கள் வீட்டில் அது இருந்தால் மரக்கதவைத் திறந்துவிட்டு வலைக்கதவை மட்டும் சாத்துங்கள். நைலான் வலையைப் பூனை கிழித்துவிடும், கம்பி வலை நிற்கும். கீழ்ப்பாதியில் ஓர் அட்டையைக் கட்டி வைத்தால் பயந்த பூனைக்கு ஒளிய இடம் கிடைக்கும். முதலில் சாப்பிடும் நேரம் மட்டும் பார்க்கட்டும், பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் தரையில் உட்கார்ந்து பழையதோடு விளையாடுங்கள், பேசுங்கள். கண்ணை மெல்ல மூடித் திறந்து அதைப் பாருங்கள். அப்படிப் பார்க்கும் மனிதரிடம் பூனையும் கண்ணைச் சுருக்கிப் பதில் சொல்கிறது, கிட்டே வரவும் அதிகம் விரும்புகிறது என்பதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் ஆராய்ந்து காட்டினார்கள். பூனை மொழியில் முறைத்துப் பார்ப்பது மிரட்டல், கண்ணைச் சுருக்குவது சமாதானம்.

சீறலைக் கண்டு பயப்படாதீர்கள், திட்டாதீர்கள். "கிட்ட வராதே" என்று வாயால் சொல்கிற பூனை நகத்தை இன்னும் எடுக்கவில்லை. அதைத் தட்டி அடக்கினால், அடுத்த முறை சொல்லாமலே பாய்ந்துவிடும். நாம் கவலைப்பட வேண்டியது ஓசையில்லாத சண்டையைப் பார்த்துத்தான்: ஒன்று வாசற்படியில் படுத்துக்கொண்டு மற்றதை மண் தட்டுக்குப் போகவிடாமல் அசையாமல் முறைப்பது, காது பின்னால் படிந்து வால் மட்டும் தரையில் அடிப்பது. வீட்டார் இதைப் பார்த்துவிட்டு "ரெண்டும் இப்ப சண்டையே போடறதில்ல" என்பார்கள். ஒன்று நாள் முழுக்கப் பரணிலேயே இருப்பதைக் கவனிக்க மாட்டார்கள்.

வலை வழியாகப் பார்த்து அலுத்துப்போய், ஒன்று முதுகைத் திருப்பிக்கொண்டு உடம்பை நக்க ஆரம்பித்தால் கதவைத் திறக்கலாம். சில வீடுகளில் இது மூன்று வாரத்தில் வரும், சிலவற்றில் மூன்று மாதம் ஆகும். அவசரம் பூனைக்கு இல்லை, நமக்குத்தான். முதல் சந்திப்பு ஐந்து நிமிடம். இரண்டும் வயிறு பாதி நிறைந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். ஆளுக்கொரு விளையாட்டுக் கயிறு, ஆளுக்கொரு மனிதர். நன்றாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். பிறகு பத்து நிமிடம், அரைமணி. நீங்கள் வீட்டில் இல்லாதபோதும் இரவிலும் முதல் சில வாரங்கள் பிரித்தே வையுங்கள். சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவில் விடாதீர்கள். தலையணையையோ ஓர் அட்டையையோ நடுவில் நுழைத்துப் பிரியுங்கள். அந்தச் சமயத்தில் தூக்கினால் அந்தக் கோபம் உங்கள் கையில் இறங்கும். பூனைக் கடி சிறிய துளையாகத் தெரிந்தாலும் ஆழமாகப் போய்ச் சீழ் வைக்கும். கடித்துவிட்டாலோ, பிறாண்டி ரத்தம் வந்துவிட்டாலோ, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் பூனை வழியாகவும் வரும், தெருவிலிருந்து வந்த குட்டியின் முன்கதை நமக்குத் தெரியாது.

பழைய பூனையின் பக்கம் நின்று இன்னும் கொஞ்சம் பேசுகிறேன், ஏனென்றால் புதிது வந்த சந்தோஷத்தில் அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அது சாப்பிடும் நேரம், தூங்கும் நாற்காலி, உங்களோடு படுக்கும் இடம், எதையும் புதியதற்காக மாற்றாதீர்கள். மண் தட்டு இரண்டு பூனைக்கு மூன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, மூன்றும் ஒரே மூலையில் வரிசையாக இல்லாமல் தனித்தனி இடத்தில். அலமாரி மேல், பரண், ஜன்னல் மேடை என்று உயரத்தில் இடம் கொடுங்கள். தரையில் சதுர அடி குறைவாக இருந்தாலும் உயரத்தில் இரண்டும் விலகி இருக்க வழி கிடைக்கும். வைசியாள் வீதிப் பக்கத்து வீடுகளில் ஓட்டு மேலேறி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிற பூனைக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவு இல்லை. நாலாவது மாடி ஃபிளாட்டில் அடைபட்ட பூனைக்கு அந்தப் பரண்தான் தப்பிக்கும் வழி.

மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்கும் என்பதை ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். கிருமி எதுவும் இல்லாமலே அழற்சி வரும், ரத்தம் கலந்து வரும். கடுவன் பூனை மண் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால், அதைப் "பிடிவாதம்" என்றோ "பொறாமை" என்றோ நினைத்து விட்டுவிடாதீர்கள். மூத்திரத் தாரை அடைத்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தால் உயிர் போய்விடும். அன்றைக்கே, அந்த நேரத்திலேயே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கருத்தடை செய்யாத இரண்டு கடுவன்களை ஒரு வீட்டுக்குள் சமாதானப்படுத்த நினைப்பது வீண் முயற்சி. கடுவனும் பெட்டையும் என்றால் நான்கைந்து மாத வயதிலேயே பெட்டை சினையாகிவிடக்கூடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். இரண்டுக்கும் செய்துவிடுங்கள். கடுவனுக்குச் செய்த பிறகும் சில வாரங்கள் குட்டி போட வைக்கும் சக்தி மிஞ்சியிருக்கும், அதுவரை பெட்டையிடமிருந்து விலக்கி வையுங்கள்.

எதோடு எது சேரும் என்று கேட்பீர்கள். வளர்ந்த பூனை இன்னொரு வளர்ந்த பூனையைவிடக் குட்டியை எளிதில் ஏற்கும். ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதான, மூட்டு வலிக்கிற பூனையின் மேல் இரண்டு மாதக் குட்டி ஓயாமல் பாய்ந்து விளையாடுவது அதற்குத் தண்டனை. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குட்டிக்குப் பதில் கூடப் பிறந்த இரண்டை எடுத்தால் அவை ஒன்றோடொன்று விளையாடிக்கொண்டு பெரியதை விட்டுவிடும். அல்லது எடுக்காமலே இருக்கலாம். "தனியா இருக்கே, பாவம், துணை வேணும்" என்று நாம் நினைப்பது பல நேரம் நம் தனிமையைத்தான். தனியாக, நிம்மதியாக இருக்கிற பூனை அப்படியே இருக்கட்டும்.

1920-களில் நம் ஊர் அரவிந்தர் ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னையின் பூனைகள் இருந்தன. அவற்றுக்கென்று தனியாகச் சமைத்ததை அங்கே வாழ்ந்த நளினி காந்த குப்தா நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தியானத்தில் வந்து உட்கார்ந்த கிகி என்ற பூனையைப் பற்றி அன்னையே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். ஆன்மிகப் பொருளை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன். எனக்கு அந்த நினைவுகளில் பிடித்தது, ஒவ்வொரு பூனையையும் அதன் தனிக் குணத்தோடு, பெயர் சொல்லிக் கவனித்திருக்கிறார்கள் என்பது. உங்கள் இரண்டு பூனைகளையும் அப்படிப் பாருங்கள். ஒன்று பயந்தது, ஒன்று முரடு, ஒன்றுக்கு மனித மடி வேண்டும், ஒன்றுக்கு ஜன்னல் போதும். மேலே நான் சொன்ன நாள் கணக்குகளை அந்தக் குணத்துக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளுங்கள்.

நாள் பார்த்தும் கூட்டிவாருங்கள். தீபாவளி வாரம் வேண்டாம். வெடிச் சத்தத்தில் வந்த நடுக்கத்தைப் பூனை பக்கத்தில் இருக்கிற அந்நியனோடு முடிச்சுப் போட்டுவிடும். கடற்கரைப் பக்கத்து வீதிகளில் இருப்பவர்கள் ஜூலை 14, டிசம்பர் 31 வாணவேடிக்கை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். கல்யாணம், விருந்தினர், வெள்ளையடிப்பு நடக்கும் வீட்டில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை ராத்திரியில் குட்டி தானாகவே வந்துவிட்டால் நாள் பார்க்க முடியாதுதான். நேராகக் குளியலறை. துடைத்து, துணியில் சுற்றி, ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சூடாகும்வரை எதையும் ஊட்டாதீர்கள். குளிர்ந்த குட்டிக்குச் செரிக்காது. பசும்பால் பேதி கொடுக்கும், குட்டிகளுக்கான பால்மாவு மருந்துக் கடைகளிலும் பிராணிகள் கடைகளிலும் கிடைக்கும். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, கை கழுவிவிட்டு, பழைய பூனைக்கு வழக்கமான நேரத்தில் வழக்கமான சோறு போடுங்கள். அறிமுகமெல்லாம் பிறகு.

எல்லாம் செய்தும் சேராத ஜோடிகள் உண்டு, மறைக்க மாட்டேன். கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டியதில்லை. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் கண்ணயர்ந்தால் அதுவே முழு வெற்றி. அதுவும் வாய்க்கவில்லை, மாதங்கள் போயும் ஒன்று சாப்பிடாமல் ஒளிந்தே வாழ்கிறது என்றால், இன்னொரு வீடு தேடித் தருவதில் தவறில்லை. மார்க்கெட்டில் விடுவது வேறு விஷயம். பட்டினி கிடக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய்தான் என்பதால் யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. அந்தச் சட்டத்துக்காக நான் கேட்கவில்லை. வீட்டுச் சோற்றில் வளர்ந்த குட்டிக்கு அந்தக் கூட்டத்தில் எங்கே ஒதுங்குவது என்றே தெரியாது. ஏற்கெனவே அங்கே எல்லை பிடித்திருக்கிற கடுவன்கள் அதை முதல் இரவே துரத்தும்.

கொடுக்கும் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே வேறு பூனை, நாய் உண்டா என்று கேளுங்கள். தடுப்பூசிச் சீட்டு, கருத்தடை செய்த தேதி, அது விரும்பிச் சாப்பிடுவது எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். அது படுத்த பழைய துணியையும் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். "சரிவரவில்லை என்றால் வேறு யாரிடமும் கொடுக்காமல் என்னிடமே திருப்பித் தந்துவிடுங்கள்" என்று சொல்லி, உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி ஒருத்தி